மூலை வீட்டு வாசலில் டேலின் தட்டி

அன்பு மகள் ஹெய்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குத்தான் பத்து நாளாக மனது ஒரு நிலையில் இல்லை. நடந்தது இதுதான். உன்னை ஏழு வருஷம் பள்ளிப் பேருந்தில் ஏற்றிப்போன பெர்னடீன் தன் மூலை வீட்டு முன்புறத்தில் டேல் வாஸ்குயிலின் தேர்தல் தட்டியை வைக்க இடம் கொடுத்துவிட்டாள். நகர மன்றத்துக்கு ஒரே இடம், நிற்பது நானும் அவனும். அந்த மூலையில் ஒவ்வொரு காரும் நின்றுதான் திரும்ப வேண்டும். ஊரில் பாதிப் பேர் தினம் இரண்டு தடவை அவன் பெயரைப் படிக்கிறார்கள்.

குடியிருக்கும் தெருவில் இந்தத் தட்டிகள் அசிங்கம், இவற்றைப் பார்த்து யாரும் ஓட்டை மாற்றுவதில்லை என்று நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் அம்மாவும் அதே கட்சி. நம் வீட்டு முன்னாலேயே என் தட்டியை வைக்க விடவில்லை, "பதினெட்டு வருஷமா இந்தத் தெரு ஜனங்க உன்கூடத்தான் இருக்காங்க, உன்னைத் தெரியாதவங்களுக்குத் தட்டியைப் பார்த்துத் தெரிஞ்சிடுமா" என்கிறாள். நான் முப்பத்தொரு வருஷம் இரும்புச் சாமானும் பெயிண்டும் விற்றவன். பக்கத்து வீட்டு வேலியில் பார்த்த பெயிண்டைத்தான் ஜனங்கள் என் கடையில் வந்து கேட்கிறார்கள். நல்ல பெயிண்டா என்று எவரும் கேட்டதில்லை, அவர் வாங்கியதே கொடு என்கிறார்கள். பெர்னடீன் வாசலில் ஒரு பெயர் இருந்தால், பெர்னடீனே சொன்ன மாதிரி.

என்னை உறுத்துவது வேறொன்று. சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் ஆணி விற்று ஆரம்பித்தவன் நான், அவனோ தன் அப்பா விட்டுப்போன டயர் கடையில் உட்கார்ந்தவன். அப்படியிருந்தும் அவன் என்னை முந்திவிட்டான், அதுவும் என் கையாலேயே. அக்டோபரில் கடைக்கு வந்து, செடிக்கு ஊன்றும் கம்பிக் கால்கள் அறுபது கேட்டான். "தக்காளித் தோட்டமா போடப் போறே, இந்தக் குளிர்லயா" என்று சிரித்துவிட்டு விலையும் குறைத்துக் கொடுத்தேன். "ஆமா வெர்லின், பெரிய தோட்டம்" என்றான். நிலம் உறைவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்டு வெறும் கம்பியைக் குத்தி வைத்துவிட்டான். தேர்தல் ஏப்ரலில், மார்ச்சில் தரை கருங்கல். இப்போது அவன் தட்டியை மேலே செருகிவிட்டுப் போகிறான், நான் துளையிடும் கருவியோடு மண்டியிட்டு நிற்கிறேன். பாதித் தட்டி காற்றில் சாய்ந்துவிட்டது. அவனுடையது ஐம்பத்தெட்டு, என்னுடையது இருபத்தொன்று. வண்டியை மெதுவாக ஓட்டி நானே எண்ணினேன், மூன்று தடவை. "அடுத்தவன் வாசலை எண்ணிக்கிட்டுத் திரியற மனுஷனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்" என்று உன் அம்மா கேட்டாள்.

சனிக்கிழமை பொறுக்காமல் பெர்னடீன் வீட்டுக்கே போனேன். "என் கடையில முப்பது வருஷமா வாங்குறே, உன் வீட்டுக் கொதிகலனை நான்தானே சரி பண்ணேன், அவன் உனக்கு என்ன செஞ்சான்" என்று கேட்டேன். அவள் காபியை ஊற்றிக்கொண்டே, "கேட்டான்" என்றாள். அவ்வளவுதான். எனக்குப் புரியவில்லை என்று கண்டு, "அவன் தொப்பியைக் கழட்டிட்டு வந்து கேட்டான் வெர்லின். நீ வரவே இல்ல. பெர்னடீன் எங்கே போயிடுவாள்னு இருந்துட்டே. இப்பவும் கேக்கறதுக்கா வந்தே, கணக்குத் தீர்க்கத்தானே வந்திருக்கே" என்றாள்.

ஹெய்டி, வாடிக்கையாளர் வாசல்படி ஏறினதும் என்ன வேண்டும் என்று கேட்காத பையன்களை நான் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறேன். அந்தச் சமையலறையில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினேன், கேட்டேன். அவள் அரை மணி நேரம் பேசினாள், அந்த மூலையில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கு இல்லை என்று. டேலிடமும் இதையேதான் சொன்னாளாம். அவன் குறித்துக்கொண்டானாம். பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், திரும்பி வரும்போதும் அவன் தட்டியைப் பார்த்து வயிறு எரிந்தது. ஆனால் இந்த வாரம் வெறுங்கையோடு நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கணப்பின் வடிகட்டியை மாதம் ஒருமுறை மாற்று, உன் வீட்டுக்காரர் மறப்பார். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

உன் அப்பா,
வெர்லின் டெஷ்

பின்குறிப்பு: பெர்னடீனோடு பேசி முடித்தது இது. என் தட்டி மணல் நிரப்பிய வாளியில், டேலின் தட்டிக்குப் பக்கத்தில், அதைவிட ஓர் அங்குலம்கூட உயராமல் நிற்கும். பதிலுக்கு அவள் பின்வாசல் படிக்கு நான் என் கையாலேயே கைப்பிடி போட்டுத் தர வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். தேர்தலுக்கு மறுநாள் இரண்டு தட்டியும் எடுக்கப்பட வேண்டும். அவள் ஓட்டு இதில் சேராது.