படிப்பறையின் ஐந்தாம் விதி

யாரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன், நண்பரே. நீர் இருந்திருந்தால் முதலில் மறுப்பவரும் நீர்தான்.

இன்று காலை மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் அந்தப் பழைய சரக்குக் கிட்டங்கியைக் கடந்தபோது சுக்கு நெடி மூக்கில் ஏறியது. நான் போட்ட தும்மலில் கும்பளங்கி வரை சீன மீன்வலைகள் தாமாகவே மேலெழுந்தன. அடுத்த நொடி உம் குரல்: "ஓய், எழுதினவன் மனசுல என்ன இருந்ததுன்னு பாரும்!" செத்தும் வாதத்தை விடாத மனிதர்.

அந்தக் கிட்டங்கி மாடியில்தானே நாம் ஐந்து பேர் தமிழ்ப் படிப்பறை தொடங்கினோம்? எழுபதுகளின் தொடக்கம். எல்லோரும் மிளகுத் தரகில் ஒட்டிக்கொண்டிருந்த பிரம்மச்சாரிகள். நாற்காலிகளைவிட விதிகள் அதிகம். ஐந்தாம் விதி: பெண்களுக்கு அனுமதி இல்லை.

அந்தக் காலத்தில்தான் உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பும் வந்தது: நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், அடிப்படையில் கை வைக்கக் கூடாது. நீர் அதைச் சாயாக்கடையில் முழங்கிய முழக்கத்தில் பால் திரிந்து, சேட்டன் ஒரு வாரம் கட்டன் சாயாதான் விற்றார். அன்றுமுதல் சாசனம் எழுதிய அத்தனை பேர் மனசுக்கும் நீரே ஏகபோகக் குத்தகைக்காரர்.

எண்பதுகளில் என் அக்கா மகள் எர்ணாகுளத்தில் சட்டம் படிக்க வந்தாள். எங்கள் வீட்டிலோ ஒரே அறை, ஊர்ப்பட்ட ஆட்கள். பரீட்சை முடியும்வரை மாலைகளில் படிப்பறையில் உட்காரட்டுமா என்று கேட்டாள். நீர் ஐந்தாம் விதியைக் காட்டினீர்.

"நிறுவினவங்க நோக்கம் தெளிவா இருக்கு, ஓய்."

"நிறுவினவன் நான்தானே! உமக்கு முன்னாலதானே நிக்கேன்! என்னைக் கேளும்!"

"உம்ம சாட்சி செல்லாது. அன்னைக்கு நீர் நிறுவினவர். இன்னைக்குத் தாய்மாமன்."

சுவரில் போய் முட்டிக்கொண்டேன். மட்டாஞ்சேரியே ஓர் அங்குலம் கிழக்கே நகர்ந்தது.

பொதுக்கூட்டத்தில் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். விதி எழுதிய காலத்தில் அறைக்குக் குறுக்கே கொடி கட்டி நம் ஜட்டிகளைக் காயப்போட்டிருந்தோம். அந்த வெட்கத்தில் எழுதியதே ஐந்தாம் விதி. கொடி போனது, விதியும் போனது! கூட்டம் சிரித்தது. கதவோரம் நின்ற அக்கா மகளும் சிரித்தாள். ஏறக்குறைய ஜெயித்துவிட்டேன். நீர் எழுந்தீர்.

"கொடி இருந்தது நெசம்தான். ஆனா பொம்பளைக்கு எதுக்குப் படிப்பறைன்னும் நாம நெனச்சோம். இல்லேன்னு சொல்லும், பாப்போம்."

கதவோரம் பார்த்தேன். அவள் முகம் வாடியது.

"நெனச்சது தப்பு. தப்புக்கு ஜட்டியப் போர்த்தாதேயும், ஓய். விதியத் திருத்துவோம். நானே முன்மொழியறேன்."

"அப்போ இத்தனை நாளா என் உயிர எதுக்கு எடுத்தீரு?"

"நீர் திருத்தணும்னு கேக்கவே இல்லியே! அப்படி ஒரு நோக்கமே கெடையாதுன்னுல்ல சாதிச்சீரு!"

பிறகு கதவுப் பக்கம் திரும்பினீர். "மோளே, நாளைக்கு வந்துரு. ஜன்னல் பக்கம் உக்காந்தா காத்து வரும்."

உம்மை அந்த ஜன்னல் வழியாகவே தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

இப்போதும் யாராவது, "நம் முன்னோர் அப்படி நினைத்ததே இல்லை" என்று என் காதுக்கு இதமாகப் பேசினால், நான் தலையாட்டுமுன் உள்ளே நீர் தொண்டையைச் செருமுகிறீர். நிம்மதியாக ஒரு பொய்யை நம்ப விடுகிறீரா? இந்தத் தொல்லையைத்தான் எனக்கென்று விட்டுப் போனீர். இறக்கி வைக்கவும் மனம் வரவில்லை.

மேலே எழுதியதில் எவ்வளவு என் கைச்சரக்கு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் திருத்தத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது, நான் கோபத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்க, முதலில் உயர்ந்தது உம் கை. அது மட்டும் நடந்தது.