1299709-க்கு விடை

ஜூன் 9
காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இல்லை. ஆத்தாவுக்குக் கஞ்சி, மாத்திரை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாச்சு.

தம்பி சேகர் போய்விட்டான். சவூதியில் லாரி ஓட்டினவன். ராத்திரி படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று அறையில் கூட இருந்தவர் போன் செய்தார். உடம்பு எப்போது வரும், யாருக்கும் தெரியவில்லை. ஆத்தாவுக்கு நெஞ்சு பலவீனம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பேச முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். வருகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, சொல்லப்போவது நான்.

போன வாரம் அவன் அனுப்பிய எண் 1299709. சின்ன வயசு விளையாட்டு. ஒருத்தர் இரண்டு பகா எண்களைப் பெருக்கித் தரவேண்டும், மற்றவர் அதை உடைக்கவேண்டும். பேப்பர், பேனா மட்டும். விடை சொன்னால்தான் அடுத்த எண்.

இலக்கங்களின் கூட்டல் 37, ஆக 3 இல்லை. 7, மீதி 5. 11, மீதி 4. 13, மீதி 8.

ஜூன் 10
பேய்க்காற்று. வீடெல்லாம் மண். வி.ஏ.ஓ. ஆபீஸில் வாரிசுச் சான்றுக்கு அலைச்சல். பெரியம்மா வந்தாள். வாயைத் திறந்தால் ஒப்பாரிதான், வாசலிலேயே மடக்கி அனுப்பினேன்.

ஆத்தா கேட்டாள்: "கணக்க முடிச்சியாடி? நீ விடைய சொல்லாம அவன் போன் போட மாட்டான்ல."

மோட்டார் போடுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 12
499, மீதி 313. இன்னும் கிடைக்கவில்லை. போனில் போட்டால் ஒரு நொடியில் சொல்லுமே என்றார் இவர். என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.

1140 வரை பார்த்தால் போதும். 1140-ஐ 1140-ஆல் பெருக்கினால் 1299600, 1141 என்றால் தாண்டிவிடும். சின்னக் காரணி அதற்குள் இருந்தாகவேண்டும். அதுவரை அவனோடு விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன். வாங்கவேண்டியது: பால், ஆத்தாவின் பிரஷர் மாத்திரை.

ஜூன் 14
மேகமூட்டம். நாளை விடிகாலை திருச்சி ஏர்போர்ட். இவர் வண்டி பேசப் போயிருக்கிறார்.

1129, மீதி 230. அதற்கடுத்த பகா எண் 1151, தேவையில்லை. முடிந்தது. எதாலும் வகுபடவில்லை, 1299709 பகா எண். மறுபடி சரிபார்த்தேன், அதேதான். பெருக்கலில் பிசகியிருக்கிறான். தலைவலி, தலைவலி என்றானே அந்த வாரம். அந்த வலியோடா உட்கார்ந்து எனக்காகப் பெருக்கினான்?

ஆத்தா அடுப்படிக்கு வந்தாள். முடிஞ்சுதா என்றாள்.

"இது வகுபடாது ஆத்தா. தப்பா பெருக்கிட்டான்."

"சேகரா? கணக்குல அவன் தப்பு பண்ணமாட்டானே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்ப கொண்டாராங்க?"