கொம்பும் காம்பும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் தலையைத் தவிர மற்றபடி நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இது என் கையெழுத்துதான், யாரும் கையைப் பிடித்து எழுதவில்லை, மூன்று நாளாக எழுதுகிறேன்.

நான் எழுத்துப் படிக்கப் போகும் முதியோர் மாலை வகுப்பில் ஒரு மாதமாக எனக்கு ஒரே திட்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் கொம்பை விழுங்கிவிடுகிறேனாம். பொட்டு என்பதைப் பாட்டு என்கிறேன், கொடு என்பதைக் காடு என்கிறேன். கொம்பு என்று பெரிதாக எழுதிக் காட்டினார்கள், அதையும் காம்பு என்று படித்தேன், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். டீச்சரம்மா, "கொம்பு மேல உங்களுக்கு என்ன கோபம் ஐயா? முதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்றார். கண்ணாடிக் கடையில் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்கிறது, செயற்கை நுண்ணறிவாம். பவர் சொல்லும் என்று உட்கார்ந்திருந்தால், கண் நரம்பு வீங்கியிருக்கிறது, உடனே டாக்டரிடம் போ என்று சிவப்பில் காட்டியது. "மெஷினுக்கு என்ன தெரியும், மனுஷன் நல்லா சாப்பிடுறாரு" என்று அம்மா அதோடு சண்டைக்கே போய்விட்டாள்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து, அது சொன்னது சரிதான், தலைக்குள் அழுத்தம் என்றார். ஆனால் எந்த இடத்தில் என்று படத்தில் தெரியாதாம். நான் கொம்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நேரே பார்க்கச் சொல்லி விரலை நீட்டினார், இடப்பக்கம் நீட்டியது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. "எழுத்துல இடது பக்கம்தான் உங்களுக்கு விட்டுப்போகுது ஐயா, மூளையில வலது பக்கம் பாக்கணும்" என்றார். ஸ்கேனில் அங்கேதான் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. கெட்ட கட்டியாகத் தெரியவில்லையாம்.

அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அது படிக்கக் கற்றதாம். நான் இந்த வயதில் தமிழ் படித்தேன், அது நரம்பு படித்திருக்கிறது. தப்பும் செய்யுமாம், டாக்டர் திருத்துவாராம், எனக்கு டீச்சரம்மா மாதிரி.

ஆபரேஷன் வரும் இருபதாம் தேதி. போன பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நீ போனில் வரட்டுமா என்றபோது, வேண்டாம், லீவை வீணாக்காதே என்றேன். அம்மா பக்கத்தில் நின்றாள். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல அடுத்தவர் எழுதியவை, அவரிடமும் சொல்ல முடியாதது உண்டு. இதை நானே எழுதுகிறேன், அதனால் எழுத முடிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வா.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். அம்மா கேட்டால் நீயாகவே கிளம்பி வந்ததாகச் சொல், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா