ஒசாகாவில் இரண்டு கட்டில்

பங்குனி 12, புதன்

ஒசாகா பயணத்துக்கு அறை பதிய நானும் அவரும் இன்று செக்காலை ரோட்டில் இருக்கும் டிராவல்ஸுக்குப் போனோம். அங்கிருந்த பெண், "ஜப்பான்ல ரூமெல்லாம் சின்னதாத்தான் இருக்கும் சார். ஒரே பெரிய கட்டிலா, தனித்தனியா ரெண்டா?" என்று கேட்டாள். நான் "ஒண்ணு" என்றேன். அதே நேரத்தில் அவர் "ரெண்டு" என்றார். அந்தப் பெண் எங்களைப் பார்க்காமல் இரண்டு என்றே பதிந்தாள்.

கல்யாணமான பிறகு நாங்கள் போகிற முதல் வெளிநாடு. வெக்கை என்று சொல்லி மாசியிலிருந்தே அவர் ஹாலில்தான் படுக்கிறார். ஆனால் ஒசாகாவுக்கு நாங்கள் போவது நல்ல குளிர்காலத்தில்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "எதுக்கு ரெண்டு கட்டில் கேட்டீக?"

அவர் இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தூக்கத்துல இந்தக் கை தானா உதறுது. ஒருநா ஒன் மூஞ்சில பட்டுருச்சு. நீ முழிக்கல."

"டாக்டர்கிட்டக் காமிச்சீகளா?"

"காமிச்சாப் போக வேணாம்பாக. போயிட்டு வந்து பாத்துக்கிருவோம்."

பாத்திரத்தைக் கழுவிவிட்டு, மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அவருக்கு இன்னும் தெரியாது. ஹாலில் உட்கார்ந்து ஒசாகா கோட்டையைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் காட்ட வேண்டுமாம், இரண்டாவது முறையாகக் கூப்பிடுகிறார்.