தம்பிக்கு வராத லத்தீன்

12 மார்ச் 1934
சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. தம்பி மெய்யநாதன் லத்தீனில் மறுபடியும் தோல்வி. லத்தீன் இல்லாமல் லண்டன் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்புக்கு இடமில்லை. அப்பா சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "நீ ஒழுங்காச் சொல்லிக் குடுத்தியா, குணவதி?" என்று கேட்டார்.

என்னைக் கேட்கிறார். என்னை!

13 மார்ச்
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து ஆறு மாதம் இவனோடு மாரடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே தேர்வில் எனக்கு முதல் வகுப்பு ஆனர்ஸ், லத்தீனில் தனிச்சிறப்பு. அன்றைக்கு அப்பா, "நல்லது, டீச்சர் வேலை சுலபமாக் கிடைக்கும்" என்றார். அவ்வளவுதான்.

2 ஏப்ரல்
லத்தீன் இல்லாமல் தம்பியைச் சேர்ப்பார்களா என்று கேட்டு லண்டனுக்குக் கடிதம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வக்கீல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் - அங்கே குமாஸ்தாக்களுக்கெல்லாம் அவர்தான் தலைமைக் கிராணி. உறையை ஒட்டுமுன், கையெழுத்துக்குக் கீழே என் தேர்ச்சியை எழுதினேன். பெண்ணுக்கு இடமுண்டா என்றும் கேட்டேன்.

ஏன் செய்தேன்? தெரியவில்லை.

11 ஜூன்
பதில் அப்பாவின் ஆபீசுக்கே வந்திருக்கிறது. "இதுல உன் பேரு எப்படிம்மா வந்திச்சு?"

தம்பிக்கு இயலாது. எனக்கு நுழைவுத் தேர்வே வேண்டாமாம்; இரண்டு நற்சான்றுக் கடிதங்கள் போதுமாம்.

"பொம்பளப் பிள்ளையத் தனியாக் கப்பல் ஏத்தச் சொல்றியா? அவன் திரும்ப எழுதட்டும்."

அவன் திரும்ப எழுதுவான், நான் திரும்பச் சொல்லிக் கொடுப்பேன்! என் ஆனர்ஸ் எதுக்குத்தான் ஆகும்? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நீட்டவா?

14 ஜூன்
அப்பாவோடு பேசவில்லை.

20 ஜூன்
தம்பி யாரிடமும் சொல்லாமல் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "மூணாவது தடவ என்னால முடியாதுப்பா. அக்காதான்லா பாஸ் பண்ணியிருக்கு, அக்காவ அனுப்புங்க."

அப்பா கையை ஓங்கினார். அப்படியே இறக்கிக்கொண்டார்.

இவன்மீது எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்...

2 ஜூலை
தலைமையாசிரியை ஒரு நற்சான்று தந்தார். இன்னொன்று அப்பாவின் முதலாளி தரவேண்டும். தம்பிக்கென்றபோது சரி என்றவர், எனக்கென்றதும் "கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போற பொண்ணுக்கு எதுக்கு?" என்றாராம். அப்பா நகரவில்லையாம். என் சான்றிதழை மேசைமேல் வைத்து, "முதல்ல இதப் படிங்க சார்" என்றாராம்.

அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்யும் நூர் முகம்மது அண்ணன்தான் சொன்னார்.

18 நவம்பர், லண்டன்
விரல் விறைக்கும் குளிர். அப்பாவின் முதல் கடிதம். அம்மாவின் முழங்கால் வலி, வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீர், தம்பி வேலைக்கு அக்கரை போகும் பெரி படகைத் தவறவிட்ட கதை. படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோபத்தோடு உறையை எடுத்தேன். என் பெயருக்குக் கீழே, ஆங்கிலத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: சட்ட மாணவி.