பன்னிரண்டு மடங்கு

சனிக்கிழமை, ராத்திரி.

மூன்று வீடு தள்ளி இருக்கும் நாசர் போன வாரம் தன் பெட்டைப் புறாவைக் காட்டி என் ஆண் புறா கறுப்பனைத் தன் மாடியில் இறக்கிக்கொண்டான். மட்டாஞ்சேரியில் புறா எந்த மாடியில் இறங்குகிறதோ, அந்த மாடிக்காரனுக்குத்தான். திருப்பிக் கேட்க முடியாது. பதிலுக்கு அவன் புறாவை என் மாடியில் இறக்கத்தான் வேண்டும். அவன் புறாக்கள் வருவதைத் தூரத்திலேயே பார்க்க, இன்று இடப்பள்ளி போய் பைனாகுலர் வாங்கினேன்.

"கைல பிடிச்சுப் பாக்க எட்டு மடங்கு போதும் சேட்டா. பன்னெண்டுன்னா ஆடும். ஆகாசமும் கொஞ்சந்தான் தெரியும்" என்றான் கடைக்காரன்.

"எனக்கு அவன் மூஞ்சி தெரியணும். பன்னெண்டே குடு."

சாயங்காலம் என் புறாக்களைப் பறக்கவிட்டு, தண்ணீர் டாங்கில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். ஆடவே இல்லை. அந்தப் பாவியின் மீசை நரைகூடத் தெரிந்தது. வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை எப்படி அடக்கலாம் என்று யோசித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்குச் சிரிக்கிறான் என்று அப்புறம்தான் உறைத்தது. பைனாகுலரை இறக்கினால், என் வெள்ளைப் புறா அவன் மாடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நாளைக்கே போய் எட்டு மடங்கு வாங்கி வருவேன். அவன் மூஞ்சி இனி எனக்கு வேண்டாம். அவன் கூண்டு காலியானால் போதும்.