பிரசங்கத்துக்குப் பின்னால் ஒரு பாட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஸ்டுடியோச் சுவரில் ஓதம். ராபர்ட் சாரின் இரண்டாவது ஆல்பத்தைச் சுத்தம் செய்யும் வேலை. இசைத்தட்டில் கடைசிப் பாட்டின் பின்பாதி முழுக்கக் கீறல், ஊசி தாண்டுகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே பாளையங்கோட்டையில் அவர் பாடிப் பதிந்த ராக் பாட்டுகள். அன்று சீந்த ஆளில்லை. இப்போது ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனி மறுபடி வெளியிடுகிறது. அசல் டேப் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கும்தான் ஆசை.

சார் வந்தார். அமெரிக்காவை விட்டு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல். பேச்சு என்னைவிட நெல்லை.

"டேப்பு செல்லத்துரைட்ட இருந்துச்சும்மா. எரிச்சிட்டேன்னுட்டான். அதோட பேச்சு கெடையாது."

செல்லத்துரை அண்ணாச்சிதான் அந்த ஆல்பத்தில் டிரம்ஸ். அப்புறம் சபையின் எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய், கர்த்தரைப் பாடாத உலகப் பாட்டே வேண்டாம் என்று விட்டவர்.

சாருக்கு இடது காது போய்விட்டது. வலதும் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் கைவிரித்துவிட்டாராம்.

"முழுசாப் போகுததுக்குள்ள ஒருக்கா கீறல் இல்லாமக் கேக்கணும்மா."

கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தூறல். கரண்ட் பில். ஹெட்போனுக்குப் பஞ்சு. பால் மறந்தாச்சு.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். டேப் என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி: "இன்னும் எதுக்கு மறைக்கிய? சொல்லுங்க."

எரிக்கவில்லை. அவர் அப்பா பிரசங்கியார். சபைக் கன்வென்ஷனில் அப்பா செய்த பிரசங்கத்தைப் பதிய வேறு டேப் கிடைக்காமல், சார் பத்திரமாக வைக்கக் கொடுத்ததன் மேலேயே அண்ணாச்சி பதிந்துவிட்டார்.

"உலகப் பாட்டுதான, போகட்டும்னு நெனச்சேன். பொறவு மனசு அறுத்துச்சு. எரிச்சேன்னா பக்தி வைராக்கியம்னு நெனப்பான். டேப்பு கெடைக்காம அழிச்சேன்னு எப்படிம்மா சொல்ல?"

அப்பாவின் குரல் வேறெதிலும் இல்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. துண்டில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து தந்தார். திட்டலாம் என்றுதான் போயிருந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

டேப்பில் பூஞ்சை. பொறுமையாகத் துடைத்து ஓட்டினேன். பிரசங்கம், பிரசங்கம், பிரசங்கம். நல்ல அதட்டல் குரல். வெறுத்துப்போய் நிறுத்தக் கை வைத்தேன். 'ஆமென்' வந்தது. கொஞ்சம் இரைச்சல். அப்புறம் டிரம்ஸ்!

பிரசங்கம் டேப்பை விடச் சின்னது. கடைசிப் பாட்டின் பின்பாதி அப்படியே இருக்கிறது. கீறல் விழுந்த அதே பாதி. தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு பேருக்கும் மெசேஜ் போட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லி.

நவம்பர் 10, திங்கள்

வெயில். இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் நாற்காலி. பாட்டைப் போட்டேன்.

"போட்டாச்சாம்மா?" என்றார் சார்.

ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையே வலதும் போய்விட்டதாம். சொல்லவில்லை, மனுஷன். சத்தத்தைக் கூட்டினேன். ஜன்னல் அதிர்ந்தது. அண்ணாச்சி எழுந்து வந்து சாரின் கையைப் பிடித்து ஸ்பீக்கர் மேல் வைத்து அமுக்கினார். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏலே, நான் பாடுதது கேக்கல. ஒன் டிரம்மு கேக்குதுலே."

பாட்டு முடிந்தது. அண்ணாச்சி கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடும்மா" என்றார், உலகப் பாட்டு வேண்டாம் என்றவர்.